இருபத்தைந்து டிகிரி

நாளை ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை,
காரைக்குடி துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு.
பேப்பரில் பார்த்துவிட்டுத்தான்
இன்றிரவே ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மூன்றாம் ஆய்வகத்துக் கணினி.
பக்கத் தகட்டைக் கழற்றினால்
மின்விசிறி இறக்கையெல்லாம் செம்மண்.
ஊதினேன். தும்மினேன்.
உள்ளிருக்கும் மென்பொருளுக்குப் பதினோரு வயது.
'தொடாதீர்கள், ஓடுகிறவரை ஓடட்டும்' என்று
எனக்கு முன்னால் இருந்தவர் திரையோரம் ஒட்டிய சீட்டு
பசை காய்ந்து
ஒரு மூலையில் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றேழு சதவீதத்தில் நின்றுவிட்டது.
ஏதோ ஒரு துணைக்கோப்பு இல்லையாம்.
அதைக் கொண்டுவந்தால்
அது இருக்கும் இடத்தில் நான் இருக்கமாட்டேன் என்கிறது இன்னொன்று.
கல்யாணத்துக்குப் பங்காளிகளை அழைக்கிற மாதிரி
ஒவ்வொன்றாய்ச் சமாதானம் செய்து
பத்தே முக்காலுக்கு
எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தேன்.

உமையாள் தன் கோப்புகளைத் திறந்தாள்.
தொண்டிக் கடலைக் கேனில் கொண்டுவந்து
இரும்புத் துண்டுகளை முக்கி
மூன்று கோடை அளந்தவை.
திறக்கவில்லை.
புதிய பதிப்பு ஒரு வெற்றுக் கட்டத்தைக் காட்டிக் கேட்டது:
அளந்தபோது வெப்பநிலை என்ன?

பழையது கேட்டதே இல்லை.
கேட்காமலே இருபத்தைந்து என்று வைத்துக்கொண்டது.
யாரும் எட்டிப்பார்க்காத அமைப்புக் கோப்பில்
நானூற்றுப் பன்னிரண்டாம் வரி;
எந்த ஊரிலோ யாரோ
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எழுதியிருக்கிறார்.

காரைக்குடியில்.
சித்திரையில்.
இருபத்தைந்து.

இருவரும் சிரித்தோம்.
பிறகு நான் மட்டும் சிரித்தேன்.
வருஷத்துக்கு 0.112 மில்லிமீட்டர் அரிக்கும் என்று
அவள் பெயரோடு அச்சில் வந்துவிட்ட எண்.

'ஏசி இருந்ததே' என்றாள்.
இருந்தது.
ஓடியதா?

காவலர் இருளப்பனிடம் சாவி வாங்கி
கட்டடப் பிரிவின் புகார்ப் பேரேட்டைத் தூக்கிவந்தோம்.
மெக்கானிக் ஜபருல்லாவின் சாய்ந்த கையெழுத்து:
ஏப்ரல் 19. கேஸ் இல்லை. வந்தபோது அறை 36, போகும்போது 27.
மே 2. எலி வயரைக் கடித்துவிட்டது. அறை 37. நாளை வருகிறேன்.
மே 3. வந்தேன். அறை பூட்டு.
பில்லுக்குச் சாட்சியாக அவர் எழுதியது.
அந்த அறையில் ஒரு கேன் கடல் இருந்ததோ
அதில் இரும்பு கரைந்துகொண்டிருந்ததோ
அவருக்குத் தெரியாது.

அவள் வாசிக்க நான் தட்டினேன்.
முப்பத்தாறு.
0.112 ஒரு கணம் கண்சிமிட்டி
0.116 ஆனது.
தலைமுடி கனம்கூட இல்லை.
என்றாலும் கடல்
நாங்கள் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே தின்றிருக்கிறது,
சொல்லாமல்.

மே இருபது முதல் முப்பது வரை பேரேட்டில் ஒன்றுமில்லை.
தங்கை கல்யாணத்துக்கு இளையான்குடி போயிருந்தாராம்;
இருளப்பன் சொன்னார், பிரியாணி உட்பட.
பதினோரு கோப்புகள்.
உமையாள் கட்டத்தில் 'தெரியாது' என்று அடித்தாள்.
சிவந்தது.
எண் மட்டும், என்றது.

'இருபத்தைந்தே போடு, யார் பார்க்கப் போகிறார்கள்?'
சொன்னது நான்தான்.
அவள் பதில் சொல்லவில்லை.
என்னைப் பார்த்தாள், பிறகு திரையை,
பிறகு பதினொன்றையும் திறக்காமலே விட்டு
கணினியை அணைக்கச் சொன்னாள்.

தொட்டிக்குள் கிடந்த வெப்பமானியைத் துடைத்து
சுவரில் ஆணியடித்து மாட்டினேன்.
பழைய சீட்டைக் கிழித்தேன், அதன் முதுகில் எழுதினேன்:
இரவு 12.40. ஏசி ஓடவில்லை. அறை 33.
ஒட்டுவதற்குப் பசை இல்லை.
விசைப்பலகைக்கு அடியில் செருகிவைத்தேன்,
பாதி வெளியே தெரிகிற மாதிரி.